பணியழைப்பு உறுதிப்பாட்டுக் குழுவின் முன்பு

ஆசிரியப் பணியைப் பிழைப்பாகக் கருதாமல் உள்ளத்தின் அழைப்பாக உணர்வோர் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று வங்காளத்தில் பவானிபூரிலுள்ள ஓர் உயர்கல்வி நிறுவனம் விளம்பரம் செய்திருந்தது. புள்ளியியல் துறைக்கு ஓர் உதவிப் பேராசிரியர் தேவை. சம்பளத்தைப் பற்றி விளம்பரத்தில் ஒரு சொல்லும் இல்லை. அழைப்பை உணர்ந்தவர்கள் அதைக் கேட்க மாட்டார்கள் என்று நிறுவனம் கருதியிருக்கலாம். அதன் கருத்து சரியே. நானும் கேட்கவில்லை.

என் பெயர் ரோஹிணி. ஒரு வங்கியின் வட்டார அலுவலகத்தில் புள்ளிவிவரப் பிரிவில் அதிகாரியாக இருக்கிறேன். திரும்பி வராத கடன்கள் அடுத்த காலாண்டில் எந்த அளவுக்குத் திரும்பி வராமலிருக்கும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வது என் பணி. வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டமும் பெற்றேன். அண்மையில் வங்கி எனக்குப் பதவி உயர்வு அளித்து, கௌஹாத்திக்கு மாற்றியது. திங்கட்கிழமை அங்கே போய்ச் சேர வேண்டும். இல்லையேல் வேலையை விட வேண்டும். ஆசிரியப் பணிக்கான வயது வரம்பும் எனக்கு இந்த ஆண்டோடு முடிகிறது. ஆகவே வெள்ளிக்கிழமை நடக்கவிருந்த அந்த நேர்காணலில் தேறினால் வகுப்பறை, தவறினால் கௌஹாத்தி என்பதில் எனக்குக் குழப்பம் ஏதும் இருக்கவில்லை.

என் கணவர் குருபிரசாத் கிடர்பூர் துறைமுகத்தில் சுங்க இலாகாவில் இருக்கிறார். அழைப்புக் கடிதத்தில் 'பணியழைப்பு உறுதிப்பாட்டுக் குழு' என்றிருந்ததைப் படித்துவிட்டு அவர் வெகுநேரம் சிரித்தார்.

"கன்டெய்னரைத் தெறக்காமலே உள்ளே என்ன இருக்குன்னு கண்டுபிடிக்க எங்ககிட்ட ஸ்கேனர் இருக்கு, ரோஹி. உன் மனசுக்குள்ளே என்ன இருக்குன்னு பார்க்க அவா என்ன வெச்சிருக்கா?"

"அது குழுவோட வேலை. நீங்க சிரிக்காதேள்."

"சிரிக்கலை. டிக்ளரேஷன்ல இருக்கற சரக்கும் உள்ளே இருக்கற சரக்கும் ஒண்ணா இருந்தா எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் சந்தேகம் வந்துடும். அங்கே எப்படியோ, பார்த்து நடந்துக்கோ."

அவருடைய துறையின் அனுபவத்தைக் கல்வித் துறைக்குப் பொருத்துவது நியாயமன்று என்று அப்போது எனக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை என்னை முதலில் பதிவாளர் அறைக்கு அனுப்பினார்கள். பதிவாளர் திரு. வெங்கடநாராயணன் காளிகாட்டில் தலைமுறைகளாக வசிக்கும் தமிழ்க் குடும்பத்தவர். என் பெயரைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

"போஷுன், போஷுன், உக்காருங்கோ. மொதல்ல அழைப்போட விவரம். எப்போ வந்தது?"

"எட்டாங்கிளாஸ் படிக்கறச்சே, சார். அடுத்த வீட்டுப் பொண்ணுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்குடுத்தேன். அவளுக்குப் புரிஞ்சதும் அவ முகத்துல..."

"முகமெல்லாம் வேண்டாம்மா. எட்டாங்கிளாஸா?" அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எம்.எஸ்ஸி.க்கு முன்னாடி வந்த அழைப்பு செல்லாதே. மினிமம் குவாலிஃபிகேஷன் வந்தப்புறம்தானே வந்திருக்கணும்?"

"அப்புறமும் வந்துண்டுதான் இருந்தது, சார்."

"அது பழசோட தொடர்ச்சியா, புதுசா?"

அவரே பரிவோடு விளக்கினார்.

"தொடர்ச்சின்னா பழைய தேதிதான், செல்லாது. புதுசுன்னா உங்களுக்கு ரெண்டு அழைப்பு வந்ததா ஆகும். அப்போ மொதல் அழைப்புக்கு ஏன் போகலைன்னு கேப்பா. நீங்க பேங்க்குக்கு வேற போயிருக்கேள்."

"அப்பா ரிடயர் ஆயிருந்தார். ஆத்துல யாராவது சம்பாதிக்க வேண்டியிருந்தது."

"அப்போ அழைப்பு வந்தும் சம்பளத்துக்குப் போனேள்." அவர் உச்சுக்கொட்டினார். "கீ முஷ்கில்! என்ன சங்கடம்! சரி, புதுசுன்னே போட்டுக்கறேன். சாட்சி யாராவது உண்டா?"

"மனசுக்குள்ளே வந்ததுக்குச் சாட்சி எப்படி, சார்?"

"அதேதான் போன வருஷம் வந்தவரும் கேட்டார். அவருக்குக் கனவுல வந்ததாம். ரொம்பத் தங்கமான மனுஷர். இப்போ ராஜர்ஹாட்ல ஃப்ளாட் விக்கறார்."

சாட்சி என்னும் இடத்தில் என் கணவரின் பெயரை எழுதிக்கொண்டு, அவர் என்னை மாடியிலிருந்த குழுவின் அறைக்கு அழைத்துச் சென்றார். குழுவில் நான்கு பேர் இருந்தார்கள்: தலைவர் பேராசிரியர் லாஹிரி, புல முதல்வர், தத்துவத் துறையின் மூத்த பேராசிரியர், கற்பித்தல் தர உறுதிப் பிரிவின் இயக்குநர் முனைவர் மஹிமா. பதிவாளர் செயலாளர் என்ற முறையில் ஓரத்தில் அமர்ந்தார். மேசையின் நடுவே சந்தேஷ் இனிப்புப் பெட்டி ஒன்று திறந்திருந்தது.

தலைவர் ஆங்கிலத்தில் உரையாற்றினார். அதன் கம்பீரம் குறையாமல் தமிழில் தர என்னால் இயன்றவரை முயல்கிறேன்.

"ஆசிரியப் பணி ஒரு வேள்வி. அந்த வேள்விக்கு என் வாழ்க்கை முழுவதையும் நான் அளித்திருக்கிறேன். இங்கே சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு வகுப்பு எடுத்தேன். என்னுடைய உண்மையான ஆற்றல் நிர்வாகத்தில்தான் இருக்கிறது என்பதை அந்த மாணவர்கள் அன்றே கண்டுகொண்டு, என்னிடம் சொல்லவும் செய்தார்கள். அதன்பின் நான் திரும்பிப் பார்க்கவில்லை. வகுப்பறை என்பது ஒரு மாளிகையின் அஸ்திவாரம். அஸ்திவாரத்தை யாரும் இறங்கிப்போய்ப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை."

மற்றவர்கள் மெல்லக் கைதட்டினார்கள். பிறகு தலைவர் என்னிடம் எதற்காகக் கற்பிக்க விரும்புகிறேன் என்று கேட்டார். புரியாத ஒன்று ஒருவருக்குப் புரிவதைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும் என்றேன்.

அவர் முகம் சற்று வாடியது. "பிடிக்கும் என்றால் அது இன்பம், மேடம். நாங்கள் தேடுவது தியாகம்."

நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். தியாகத்துக்கும் சித்தமாக இருப்பதாகச் சொன்னதும், அது குறிப்பேட்டில் ஏறியது.

அடுத்ததாக மாதிரி வகுப்பு. முனைவர் மஹிமா அதன் அமைப்பை விவரித்தார். முதலில் கற்றல் விளைவுகளை அறிவிக்க வேண்டும். பின்பு அவை அறிவிக்கப்பட்டுவிட்டன என்பதை உறுதிசெய்ய வேண்டும். அதன்பின் அவற்றை நிறுவனத்தின் நோக்கங்களோடு பொருத்திக் காட்ட வேண்டும். இறுதியாகப் பின்னூட்டம், நன்றியுரை.

"பாடத்தை எப்போது நடத்த வேண்டும்?" என்று கேட்டேன்.

"பாடத்தை இணைப்பாகக் கொடுத்திருக்கிறீர்கள் அல்லவா?" என்றார் அவர்.

"கொடுத்திருக்கிறேன்."

"அப்புறமென்ன?"

அந்த அறையில் மாணவர்கள் ஒருவரும் இல்லாதது ஏன் என்பதையும் அவரே கனிவோடு தெளிவுபடுத்தினார். மாணவர்கள் இருந்தால் அவர்களுக்குப் புரிந்ததா இல்லையா என்ற செய்தி கசிந்து, மதிப்பீட்டின் நடுநிலையைப் பாதிக்கும். ஆகவே குழுவினரே மாணவர்களாக அமர்வது வழக்கம். விதிப்படி ஒருவர் கூர்மதி மாணவர். இருவர் நடுத்தர மாணவர்கள். ஒருவர் மந்த மாணவர்.

தலைவர் பணிமூப்பின் அடிப்படையில் கூர்மதி மாணவராக அமர்ந்தார். புல முதல்வர் நடுத்தரத்தை ஏற்றார். தம்முடைய பதவி புல முதல்வர் பதவிக்கு இணையானது என்று அரசாணையே இருப்பதால், தாமும் நடுத்தரத்துக்குக் கீழே இறங்க இயலாது என்றார் முனைவர் மஹிமா. எல்லோரும் தத்துவப் பேராசிரியரைப் பார்த்தார்கள்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். "அடுத்த மாதம் நான் ஓய்வு பெறுகிறேன். இந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் என்னை மந்த மாணவன் என்று எழுதுவீர்களா? ஓய்வூதியக் கோப்போடு சேர்த்து அனுப்புவீர்களா?"

"இது ஒரு பாத்திரம்தானே, தாதா" என்றார் புல முதல்வர், அண்ணனிடம் சொல்வதுபோல.

"அப்படியானால் நீங்கள் அதை எடுத்துக்கொள்ளுங்கள். நான் உங்கள் நடுத்தரத்தை எடுத்துக்கொள்கிறேன்."

புல முதல்வர் ஜன்னலைப் பார்த்தார். தலைவர் பதிவாளரைப் பார்த்தார். பதிவாளர் கைகூப்பினார்.

"நான் நான்-டீச்சிங் ஸ்டாஃப், ஸார். எனக்கு எதுவும் புரியாம இருக்கறதுக்கு ரூல்ஸ்ல இடமில்லை."

தற்காலிக அடிப்படையில் ஒரு மந்த மாணவரை நியமிக்க விளம்பரம் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. அவருக்குரிய குறைந்தபட்சக் கல்வித் தகுதி முனைவர் பட்டமா, முதுகலையா என்பதில் கருத்து வேறுபாடு ஏற்பட்டது. எதற்கும் பிற்பகலில் முடிவு செய்யலாம் என்று சந்தேஷ் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்கள். எனக்குத் திங்கட்கிழமை நினைவில் இருந்தது. வெளியே தாழ்வாரத்தில் நிறைய மாணவர்கள் நிற்கிறார்களே, அவர்களில் ஒருவரை அழைக்கலாகாதா என்று தாழ்ந்த குரலில் கேட்டுப் பார்த்தேன்.

"அவர்கள் கட்டணம் செலுத்திப் படிக்கிறவர்கள், மேடம்" என்றார் தலைவர், அதிர்ச்சியோடு. "அவர்களைப் போய் வகுப்பில் உட்கார வைப்பதா?"

அந்தச் சமயத்தில்தான் வெளியே கோஷம் எழுந்தது. "சோல்பே நா! சோல்பே நா!" இனி இப்படி நடக்க விடமாட்டோம் என்பது அதன் பொருள்.

"கெராவ்" என்றார் தலைவர், மழை பிடித்துக்கொண்டதைக் கவனித்தவர்போல. அதிகாரிகளை அறைக்குள் வைத்து, வழியை மறித்து மாணவர்கள் அமர்ந்துகொள்ளும் இந்த ஏற்பாடு இந்நகருக்குப் புதிதன்று. குழுவினரிடம் பதற்றம் சிறிதும் இல்லை. புல முதல்வர் காலணிகளைக் கழற்றினார். தத்துவப் பேராசிரியர் பையிலிருந்து காற்றடைத்த கழுத்துத் தலையணை ஒன்றை எடுத்து ஊதினார். பதிவாளர் ஜன்னல் வழியாகக் கீழே குனிந்து, எல்லோருக்கும் முடியும் டீயும் அனுப்பும்படி சொன்னார். முடி என்பது இங்கே பொரி.

விருந்தினர்களை மறிப்பது கெராவ் மரபில் இல்லையாம். ஆகவே என்னை வெளியே விட்டார்கள். தாழ்வாரம் முழுவதும் மாணவர்கள் சம்மணமிட்டு அமர்ந்திருந்தார்கள். கால் வைக்க இடமின்றி நான் தமிழில் ஏதோ முணுமுணுத்திருக்க வேண்டும். கதவருகே இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆண்ட்டி, நீங்க தமிழா? நான் அனன்யா. என் பாபா, அதான் அப்பா, போர்ட்ல இருக்கார். வீட்ல மட்டும்தான் தமிழ், தப்பா பேசினா ஹாஸாதீங்க, ஸாரி, சிரிக்காதீங்க. நீங்க போகலாம். உங்க மேல எங்களுக்கு ராக் ஒண்ணும் இல்லை. கோவம்."

"என்னம்மா வேணும் உங்களுக்கெல்லாம்?"

"ஸ்டாட்ஸுக்கு டீச்சர். ரெண்டு செமஸ்டரா யாருமே இல்லை. பரீக்ஷா மட்டும் டைமுக்கு வந்துடறது. கேட்டா, நல்ல டீச்சரைத் தேடிட்டிருக்கோம்னு சொல்றாங்க. சரி, நீங்க எதுக்கு வந்தீங்க?"

"அந்த வேலைக்குத்தான். என் பேர் ரோஹிணி."

அனன்யா அதை வங்காளத்தில் பின்னாலிருந்தவர்களுக்குச் சொன்னாள். கோஷம் நின்றது. "அப்படியானால் சொல்லிக்கொடுங்களேன்" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது.

அனுமதியின்றி எதையும் செய்து எனக்குப் பழக்கமில்லை. திரும்பிக் கதவைத் தட்டினேன். பதிவாளர் உள்ளிருந்தபடியே பதில் சொன்னார்.

"காரிடார் நடமாட்டத்துக்குன்னு ஒதுக்கினதும்மா. பாடத்துக்கு ஒதுக்கலை."

"இப்போ நடமாட்டமே இல்லையே, சார்?"

உள்ளே யாரும் பேசவில்லை. நான் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டேன். அது முறையா என்பதில் எனக்கு இன்னமும் ஐயமுண்டு.

மாதிரி வகுப்புக்கென்று கொண்டுவந்த சாக்பீஸ் என் பையில் இருந்தது, கரும்பலகைதான் இல்லை. குழு அறையின் கதவு நல்ல கரும்பச்சை. அதன்மீது ஒரு நீண்ட கோடு இழுத்தேன்.

"காளிகாட்ல பஸ்ஸுக்கு நிக்கறீங்க. சராசரியா பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ். எவ்வளவு நேரம் காத்திருப்பீங்க?" தமிழிலும் வங்காளத்திலும் ஆங்கிலத்திலுமாக, எது முதலில் வந்ததோ அதில் கேட்டேன்.

"அஞ்சு" என்றார்கள் பலர்.

"மித்யே கதா! பொய்!" என்றான் ஒருவன். "நான் எப்பவும் அதுக்கு மேலதான் நிக்கறேன்."

"ஏன்?"

"கொபால், மேம்" என்று அவன் நெற்றியைத் தொட்டுக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள்.

"தலையெழுத்தைக் கடைசியில பார்க்கலாம். பஸ் எப்பவும் சரியா பத்து நிமிஷத்துலயா வரது? ஒண்ணு அஞ்சு நிமிஷத்துல வந்துடும். அடுத்தது பதினஞ்சு நிமிஷம் கழிச்சு." கோட்டில் ஒரு குறுகிய இடைவெளியையும் அதைப் போல மும்மடங்கு நீண்ட இடைவெளியையும் குறித்தேன். "சராசரி என்ன? பத்துதான். யாரும் பொய் சொல்லலை. அனன்யா, வா. கண்ணை மூடிண்டு இந்தக் கோட்டுல எங்கேயாவது விரலை வை."

அவள் விரல் நீண்ட இடைவெளியில் விழுந்தது. மறுபடியும் வைக்கச் சொன்னேன். மறுபடியும் அங்கேயேதான் விழுந்தது. மூன்றாம் முறை விரல் கதவைத் தொடுவதற்குள் அவள் கண்ணைத் திறந்துவிட்டாள்.

"அதுதான் பெரிசா இருக்கே! அப்போ நிறைய பேர் அதுக்குள்ளதானே வந்து நிப்பாங்க! சராசரி பஸ்ஸுக்கு, மேம். எங்களுக்கு இல்லை!"

எட்டாம் வகுப்பில் பார்த்த முகத்தை நான் மறுபடியும் பார்த்தேன்.

நெற்றியைத் தொட்டவன் எழுந்து நின்றான். "மேம், நம்ம ப்ராஸ்பெக்டஸ்ல ஒரு டீச்சருக்குப் பன்னெண்டு ஸ்டூடண்ட்னு போட்டிருக்கே. அதுவும் பஸ் மாதிரிதானா?"

"தத்துவத் துறையில எத்தனை பேர் படிக்கறா?"

"ரெண்டு பேர். டீச்சர்ஸ் ஆறு."

"அப்போ அதுவும் பொய்யில்லை. நீங்க நிக்கறதுதான் நீள இடைவெளியில."

அவர்கள் சிரித்த சிரிப்பில் கதவு அதிர்ந்தது. யார் தொடங்கினார் என்று தெரியாது, கோஷம் மாறிவிட்டது. "ரோஹிணி மேம்-கே சாய்! சாய், சாய்!" என்னை வேண்டுமென்று கேட்டார்கள். நான் எவ்வளவோ கையமர்த்தினேன். வேலைக்கான நேர்காணலில் மூன்று மொழிகளும் சேர்ந்து கைவிட்ட நிலையில் நான் நின்றபோது, கதவு திறந்தது. அது உட்புறமாகத் திறக்கும் கதவு. கோடும், பேருந்துகளும், பாதியில் நின்ற கணக்கும் அதோடு உள்ளே போய்விட்டன.

வாசலில் தலைவர் நின்றார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள்.

"மேடம், உள்ளிருந்தபடியே முழுவதையும் கேட்டோம். நெகிழ்ந்துபோனோம்" என்றார். "உங்கள் அழைப்பு உண்மையானது என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறது. அதே தீர்மானத்தின் அடுத்த வரியில் உங்கள் விண்ணப்பத்தை நிராகரித்திருக்கிறது. சிபாரிசு எந்த வடிவில் வந்தாலும் விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்படும் என்பது விதி. பெரிய இடங்களிலிருந்து எங்களுக்குச் சிபாரிசுகள் வருவதுண்டு. அவற்றை உரிய மரியாதையுடன் பரிசீலித்தும் இருக்கிறோம். ஆனால் அவை தொலைபேசியில், மெதுவான குரலில், நாகரிகமாக வரும். மாணவர்களே ஒருவரைத் தங்களுக்கு வேண்டுமென்று தெருவரை கேட்கும்படி சிபாரிசு செய்ததை இந்த நிறுவனம் இதுவரை கண்டதில்லை."

"நான் அவர்களை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை, ஐயா."

"சொல்லவில்லை. புரியும்படி சொல்லிக்கொடுத்தீர்கள். விளைவு ஒன்றுதான்."

பதிவாளர் என் அருகே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். உண்மையாகவே வருந்தினார். "என்னம்மா இப்படிப் பண்ணிட்டேள்? கொஞ்சம் சுமாரா எடுத்திருந்தா இன்னிக்கே ஆர்டர் டைப் பண்ணிக் குடுத்திருப்பேன். மந்த மாணவர் பிரச்சினையைக்கூட ஒரு மாதிரி முடிச்சுட்டோம். கூர்மதியும் வேண்டாம், மந்தமும் வேண்டாம், நடுத்தரம் நாலுன்னு."

நான் நன்றி கூறினேன். கௌஹாத்தி என்று முடிவாகிவிட்டது. திங்கட்கிழமை அங்கே போய், வராத கடன்கள் எவ்வளவு வராது என்று சொல்லத் தொடங்க வேண்டும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"முடிவு சொல்லியாச்சு. எல்லாரும் எழுந்து வழி விடுங்கோ" என்றார் பதிவாளர்.

ஒருவரும் எழவில்லை. அனன்யா தலைவரைப் பார்க்கவேயில்லை, என்னைப் பார்த்தாள்.

"மேம், அஞ்சு நிமிஷம் இல்லைன்னா எவ்வளவு? அதை இன்னும் போடலையே?"

உண்மைதான். அதைப் போடவில்லை. போடுவதற்குரிய கோடு அறைக்குள், திறந்த கதவோடு போயிருந்தது. நடுவில் குழு நின்றிருந்தது. காலையிலிருந்து அந்தக் கட்டடத்தில் ஒவ்வொன்றுக்கும் நான் அனுமதி கேட்டிருந்தேன். இப்போது கேட்பதற்கு என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

"எல்லாரும் கொஞ்சம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கோங்கோ, சார்" என்றேன். "கணக்கு பாதியில நிக்கறது."

தலைவர் பதிவாளரைப் பார்த்தார். இதற்கு விதி ஏதும் இருப்பதாகப் பதிவாளருக்கு நினைவு வரவில்லை போலும். ஒருவர்பின் ஒருவராக உள்ளே நகர்ந்தார்கள். கதவு சாத்திக்கொண்டது, கணக்கு வெளியே வந்தது.